லண்டனில் ஆங்கிலம் படிக்க விசா: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் ஒரு ஃபைல். "தம்பி லண்டன் போய் இங்கிலீஷ் படிக்கப் போறான் அண்ணே. பதினோரு மாச விசா. படிச்சுக்கிட்டே வேலை பார்த்தா போட்ட பணத்தை எடுத்துடலாம்னு ஏஜெண்ட் சொல்றார். நகையை அடகு வச்சிட்டேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஃபைலைப் புரட்டினேன். மகன் பெயரில் ஒரு வங்கி ஸ்டேட்மெண்ட் இருந்தது. "இது உன் கணக்கா?" என்று கேட்டேன். பையன் தலைகுனிந்தான். "தெரியாது மாமா, ஏஜெண்ட் ஏற்பாடு பண்ணினது" என்றான். தாயாருக்கு அதுவரை அந்த விஷயமே தெரியாது.

அந்த ஃபைலில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டையும் உங்களுக்குச் சொல்வது என் கடமை.

முதல் தவறு, விசாவைப் பற்றியது. பிரிட்டனில் 6 மாதத்துக்கு மேல் 11 மாதம் வரை ஆங்கிலம் மட்டும் படிக்கச் செல்வோருக்கென்று குறுகியகாலப் படிப்பு விசா இருக்கிறது. வயது 16 நிறைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். இந்த விசாவில் வேலை செய்யவே கூடாது. சம்பளத்துக்கும் கூடாது, சம்பளமில்லாமலும் கூடாது. நீட்டிக்க முடியாது. அங்கே போய் வேறு படிப்புக்கு மாற முடியாது. குடும்பத்தை அழைத்துச் செல்லவும் முடியாது. 6 மாதத்துக்குள் முடியும் படிப்பு என்றால் வருகையாளர் விசாவிலேயே போகலாம். அதிலும் வேலை கிடையாது.

வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று நாம் கேள்விப்படுகிறோமே, அது பட்டப்படிப்புக்குப் போகிறவர்களின் ஸ்டூடண்ட் விசாவுக்கு உரியது. இரண்டையும் குழப்பித்தான் நம் வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. அங்கே சம்பாதித்து அடைக்கலாம் என்று வட்டிக்குப் பணம் வாங்கினால், அந்தக் கடன் இங்கே இருக்கும் உம்மாவின் தலையில்தான் விழும்.

இரண்டாவது தவறு, பொய். விண்ணப்பத்தில் பொய்யான ஆவணம் வைத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படும். அதோடு 10 ஆண்டுகள் வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடை வரலாம். 18 வயதில் செய்த தவறு 28 வயது வரை துரத்தும். "ஏஜெண்ட் வைத்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம். விண்ணப்பம் பிள்ளையின் பெயரில் இருக்கிறது. அதில் உள்ளவை உண்மை என்று உறுதி கூறுவதும் பிள்ளைதான்.

2014இல் அங்கே ஆங்கிலத் தேர்வு மையங்கள் சிலவற்றில் ஆள்மாறாட்டம் நடந்தது அம்பலமானது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா ரத்தானது. தவறே செய்யாத பலரும் அதில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். உண்மையாக நடந்தவருக்கே இந்த நிலை என்றால், தெரிந்தே பொய்யை வைத்துக்கொண்டு போகலாமா?

சரி, முறையாக எப்படி விண்ணப்பிப்பது?

பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்து, பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பிரிட்டிஷ் கவுன்சில் தான் அங்கீகரித்த ஆங்கிலப் பள்ளிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வைக்க வேண்டும். அதை பிரிட்டன் அரசு ஏற்றுக்கொண்ட மையங்களில் மட்டுமே எடுக்க வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. பிறகு சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்தில் விரல்ரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். அந்த மையம் ஆவணங்களை வாங்கி அனுப்பும், அவ்வளவுதான். முடிவெடுப்பது பிரிட்டன் அரசு அதிகாரி. "மையத்தில் எனக்கு ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விரல்ரேகை கொடுத்தபின் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் இருப்பதைக் காட்டுவது மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்றும் தெரிய வேண்டும். திடீரென்று கணக்கில் ஏறிய பெருந்தொகை சந்தேகத்தைக் கிளப்பும். சவூதியில் இருக்கும் மாமா செலவு செய்கிறார் என்றால் அதையே சொல்லுங்கள். மாமாவின் கடிதம், சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு, உறவைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை வையுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால், கேட்கும் இடத்தில் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஏஜெண்டுகள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஒவ்வொரு தாளையும் பிள்ளையே படித்து, பெற்றோருக்குத் தமிழில் விளக்கட்டும். விளக்க முடியாத தாள் ஒன்று இருந்தாலும் கையெழுத்து வேண்டாம்.

பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். அரசு அலுவலகத் தாளில் எழுதும் பொய்யும் பொய்தான். வட்டியில் தொடங்கி, பொய்யில் ஏறும் பயணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

அந்தத் தாயார் விண்ணப்பத்தைப் போடவில்லை. ஏஜெண்டிடம் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. நகையை மட்டும் மீட்டுவிட்டார். பையன் இப்போது ஊரிலேயே கல்லூரியில் படித்துக்கொண்டு, மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிறான். பட்டம் முடித்து, சரியான விசாவில், சொந்த ஆவணங்களோடு போவேன் என்கிறான். இன்ஷா அல்லாஹ், போவான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் இருந்தால், பணம் கட்டும் முன் நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். நம் பிள்ளைகளின் கல்வியிலும் பயணத்திலும் அல்லாஹ் நன்மையை நாடுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.