படத்தில் இருக்கிறாள், பட்டியலில் இல்லை

(கரையாம்புத்தூர் பட்டிமன்றம். தலைப்பு: ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள உதவுவது பார்க்கும் படமா? கேட்கும் கதையா? ‘கேட்கும் கதையே’ அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! ஒரே படத்தை விரித்துக் காட்டிவிட்டு, ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே!

உங்க ஊரும் ஒரு தீவுதாங்க. இலங்கையைச் சுற்றிக் கடல். கரையாம்புத்தூரைச் சுற்றித் தமிழ்நாடு! (சிரிப்பு) புதுச்சேரியிலிருந்து வர்றதுக்குள்ள எல்லை மாறி மாறி வருது. எது எந்த மாநிலம்னு டிரைவரைக் கேட்டேன். “கடைப் பலகையைப் பாருங்க சார், தெரிஞ்சுடும்”னார். (சிரிப்பு, கைதட்டல்) புதுச்சேரிச் சுற்றுலாப் படத்திலே கடற்கரைச் சாலை இருக்கும், மணக்குள விநாயகர் இருப்பார். உங்க ஊரைத் தேடிப் பாருங்க! அதனாலே நான் சொல்லப்போறது மற்றவங்களை விட உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

எதிரணித் தலைவர் காட்டியது இலங்கையின் பழைய சுற்றுலாப் படம். சிகிரியாக் குன்று, கண்டி தலதா மாளிகை, பெரஹெரா யானை. நுவரெலியா பக்கம் முதுகில் கூடையோடு ஒரு பெண், கொழுந்து கிள்ளிக்கொண்டே சிரிக்கிறாள். அருமையான ஓவியம், மறுக்கவில்லை. மெக்டொனால்ட் கில் என்ற ஆங்கிலேயர் 1933லேயே இலங்கைத் தேயிலைக்காக இப்படி ஒரு படம் போட்டார். சரக்கு விற்க வரைந்த படம் அது. ஊர் பார்க்க ஆள் கூப்பிட வரைந்தது இது.

நான் கேட்கிறேன், அந்தப் பொண்ணு யாருங்க?

நம்ம பொண்ணுங்க! கங்காணி பேச்சை நம்பித் தென்னாட்டிலிருந்து போனவர்களின் பேத்தி. ரயில் வருவதற்கு முன்னாலே, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நடைபாதை படத்தில் உண்டா? ரெஸ்ட் ஹவுஸ் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பமே கிடந்த லயம் உண்டா?

1948ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். மறுவருஷம் ஓட்டும் போச்சு. சுற்றுலாப் படத்தில் அவளுக்கு இடம் உண்டு, வாக்காளர் பட்டியலில் இடம் இல்லை! (கைதட்டல்)

1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர்? அப்புறம் பார்த்துக்கலாம்! 1974ல் பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி, 75,000. பங்காளிங்க பாகப்பிரிவினையிலே மாடு பிரிக்கிற மாதிரி! மாட்டையாவது தடவிப் பார்த்துப் பிரிப்பான்.

இதுக்கு நடுவிலே 1966ல் இலங்கையில் சுற்றுலா வாரியம் அமைத்தார்கள். ‘வாங்க வாங்க’ன்னு உலகத்தையே கூப்பிடுறாங்க. தோட்டத்திலே இவளுக்கு ‘போ போ’ன்னு சீட்டு!

எதிரணித் தம்பி ஒருத்தர் கையைத் தூக்குறார். “தலைமன்னார் ரயில் பாதை படத்திலே இருக்கே ஐயா!” இருக்குப்பா. அந்த ரயில்லேதான் அனுப்பினாங்க. இங்கே தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிருந்ததாலே, கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. தாய் ஒரு சீட்டிலே, மகள் ஒரு சீட்டிலே. ரயில் கிளம்பினதும் ஸ்டேஷன் முழுக்க ஓலம். மலையகத்திலே ரயிலுக்குக் கோச்சின்னு பேரு. அந்த ரயிலுக்கு அவங்க வச்ச பேரு ‘ஒப்பாரிக் கோச்சி’.

அங்கே தங்கிவிட்ட நாடற்றவர்களில் மீதி இருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம்! அத்தனை வருஷமும் அவள் படத்திலே சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாள்.

தம்பி, அந்த ரயில் பாதையை உங்க படத்திலே என்ன நிறத்திலே போட்டிருக்கான்? சிவப்பா? அதுக்கு என்ன பேரு எழுதியிருக்கான்? படிச்சுச் சொல்லுங்க, நடுவர் கேட்கட்டும்.

மணி அடிச்சுட்டீங்க. (நீண்ட கைதட்டல்)