கிறிஸ்துமஸ் காதல் படங்கள்: இனிப்பும் குறையும்



ஆண்டு முடியும் பருவம் நெருங்கிவிட்டால் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஒருவகைப் படங்கள் வரிசையாக வரத் தொடங்குகின்றன. ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடக்கும். வீடெல்லாம் விளக்கு எரியும். ஒரு பெண் வருவாள், ஓர் ஆண் வருவான், கடைசிக் காட்சியில் இருவரும் ஒன்று சேர்வார்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் இவை. நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் பார்க்கிறோம். இவை ஏன் இனிக்கின்றன, எங்கே குறைபடுகின்றன என்று இன்று சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த தோட்டத்து வீடு ஒன்று. தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். மகள் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை பார்க்கிறாள். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள் இப்படிப்பட்ட ஒரு படத்தைத் தாயாருக்குப் போட்டுக் காட்டினாள். கதாநாயகி தட்டுத் தட்டாகப் பிஸ்கட் சுட்டு அடுக்கினாள். மூக்கில் மாவு ஒட்டிக்கொண்டது. அவளை விரும்பியவன் அன்போடு துடைத்துவிட்டான். அப்போது தாயார் கேட்டார்: "ஏம்மா, இத்தனை தட்டையும் யாரு கழுவுவா?"

மகள் சிரித்துவிட்டாள். "படத்துல அதெல்லாம் காட்டமாட்டாங்கம்மா."

படம் முடிந்தது. கதாநாயகி நகரத்து வேலையை உதறிவிட்டுப் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். மகள் பெருமூச்சு விட்டு, "எனக்கும் வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துடலாம்னு தோணுதும்மா" என்றாள்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாம்மா. ஆனா எந்த வீட்டுக்கு வருவே? இது தோட்டத்து வீடு. எனக்கு வேலை முடிஞ்சா சாவியைத் திருப்பிக் கொடுக்கணும்."

நேயர்களே, பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தத் தாயார் இரண்டே கேள்விகளில் கேட்டுவிட்டார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே இப்படங்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

1910ஆம் ஆண்டு ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி நகரத்தில் அஞ்சலட்டை வியாபாரம் தொடங்கினார். அது வளர்ந்து ஹால்மார்க் என்னும் பெரிய வாழ்த்து அட்டை நிறுவனமாயிற்று. 1951ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, என்.பி.சி. தொலைக்காட்சியில் அந்த நிறுவனத்தின் ஆதரவில் ஓர் இசை நாடகம் ஒளிபரப்பாயிற்று. ஜியான் கார்லோ மெனோட்டி என்பவர் தொலைக்காட்சிக்கென்றே இயற்றிய நாடகம் அது. அதன் கதையை நாம் கேட்க வேண்டும்.

அமால் என்பவன் கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. தாய் விதவை, வீட்டில் உண்ண ஒன்றுமில்லை. பிறந்திருக்கும் குழந்தை இயேசுவைத் தேடிச் செல்லும் மூன்று அரசர்கள் ஓர் இரவு அந்தக் குடிசையில் தங்குகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பொன்னைப் பார்த்த தாய்க்கு, தன் பிள்ளையின் பசி நினைவுக்கு வருகிறது. எல்லாரும் உறங்கும்போது பொன்னில் கை வைக்கிறாள், அகப்பட்டுக்கொள்கிறாள். அரசர் ஒருவர், "அந்தப் பொன்னை நீயே வைத்துக்கொள். நாங்கள் தேடும் குழந்தைக்கு அது தேவையில்லை" என்ற கருத்துப்படப் பேசுகிறார். தாய் மனம் கலங்கிப் பொன்னைத் திருப்பித் தருகிறாள். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத சிறுவன், தன் ஊன்றுகோலையே காணிக்கையாக நீட்டுகிறான். அந்தக் கணமே அவன் கால் குணமாகிறது.

ஹால்மார்க் ஆதரவில் வந்த அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பசி இருந்தது, வறுமை இருந்தது, ஒரு தாயின் தடுமாற்றமும் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

2001ஆம் ஆண்டு ஹால்மார்க் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிலையம் அமெரிக்காவில் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு முதல், பண்டிகைக்கு வாரக்கணக்கில் முன்பே கிறிஸ்துமஸ் படங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பும் வழக்கத்தை அது மேற்கொண்டது. 2014ஆம் ஆண்டு வந்த 'கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ்' என்ற படத்தை முதல் ஒளிபரப்பிலேயே சுமார் 58 லட்சம் பேர் பார்த்தார்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40 புதிய படங்கள் வந்தன. வேறு நிலையங்களும் இதே பாதையில் இறங்கின. 2017ஆம் ஆண்டு நெட்பிளிக்ஸ் நிறுவனம் 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்' என்ற படத்தை வெளியிட்டது. அதில் ஒரு பெண் நிருபர், ஆல்டோவியா என்ற கற்பனை நாட்டுக்குச் செய்தி திரட்டப் போய் இளவரசரையே காதலிக்கிறாள்.

கதை அமைப்பை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். கதாநாயகி நகரத்தில் ஓயாத வேலையில் இருப்பாள். அங்கே அவளுக்கு நிச்சயமானவன் எந்நேரமும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காதவன். ஏதோ காரணத்தால் அவள் சிற்றூர் ஒன்றுக்குப் போவாள். அங்கே கட்டம் போட்ட கம்பளிச் சட்டைக்காரன் ஒருவன் இருப்பான். அவனுக்குக் கிறிஸ்துமஸ் மரத்தோட்டமோ ரொட்டிக்கடையோ பழைய விடுதியோ இருக்கும். பெரும்பாலும் மனைவியை இழந்தவன். ஒரு சிறு பெண்குழந்தையும் உண்டு. மரத்துக்கு விளக்கேற்றும் விழா வரும், பிஸ்கட் சுடுவார்கள், பனிப்பந்து எறிந்து விளையாடுவார்கள். முடிவுக்குச் சற்று முன்பு ஒரு சிறு மனத்தாங்கல் வரும், அதுவும் தீர்ந்துவிடும். சுமார் 85 நிமிடக் கதை, விளம்பரங்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரமாகும்.

எடுக்கப்படும் விதமும் அறிந்துகொள்ளத் தக்கது. பெரும்பாலான படங்களை மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சிற்றூர் என்று நாம் நினைப்பது பல வேளைகளில் கனடா நாட்டு ஊர். அங்கே படமெடுத்தால் அரசாங்கம் வரிச்சலுகை தருகிறது; பணமாற்றிலும் செலவு குறைகிறது. டிசம்பரில் காட்ட வேண்டிய படத்தைக் கோடைகாலத்திலேயே எடுப்பதும் உண்டு. நுரையாலும் பஞ்சாலும் பனி செய்து தூவுகிறார்கள். நடிகர்கள் வெயிலில் கம்பளி மேலங்கி போட்டுக்கொண்டு குளிரால் நடுங்குவதுபோல் நிற்கிறார்கள். வியர்வையைத் துடைத்துத் துடைத்து எடுக்கும் குளிர்காலம் அது!

இவ்வளவும் தெரிந்தவர்களும் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்? அவர்களை அறியாதவர்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது.

நாள் முழுதும் உழைத்து அலுத்துப்போன மனத்துக்கு அச்சமில்லாத கதை ஓர் ஆறுதல். இப்படங்களில் கத்திக்குத்து இல்லை, ஆபாசம் இல்லை. பாட்டியும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். முடிவு முன்கூட்டியே தெரியும் என்பது குறையன்று, அதற்காகவே பார்க்கிறார்கள். நம் வாழ்க்கையில் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது, இரண்டு மணி நேரத்துக்காவது எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற உறுதி கிடைக்கிறது. பிரிந்தவர்களும் துணையை இழந்தவர்களும் தனிமையில் இருப்பவர்களும் பண்டிகை நாளில்தான் அதிகம் வாடுகிறார்கள். மனைவியை இழந்தவனின் வீட்டில் மறுபடியும் விளக்கு எரிவதைக் காண்பது அவர்களுக்கு மருந்தாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் சிற்றூர்கள் பலவற்றில் ஆலைகளும் சுரங்கங்களும் மூடப்பட்டன. ஊருக்கு வெளியே பேரங்காடிகள் வந்தபின் கடைத்தெருவின் சிறுகடைகள் நசிந்தன. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறினார்கள். படத்தில் வரும் ஊரிலோ ரொட்டிக்கடை திறந்தே இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த மக்கள் இழந்த ஊரைத்தான் திரையில் திரும்பப் பார்க்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பக்கத்து வீட்டார் திசைக்கொருவராகப் போனதைக் கண்ட நமக்கு இந்த ஏக்கம் புரியாததன்று. ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கத்துக்குப் படம் சொல்லும் பதிலில்தான் குறை இருக்கிறது.

தாயாரின் முதல் கேள்விக்கு வருவோம். தட்டுகளை யார் கழுவுவது? இப்படங்களில் விருந்து உண்டு, சமையலறைக் களைப்பு இல்லை. ரொட்டிக்கடை உண்டு, விடியற்காலை எழுந்து மாவு பிசைபவர் இல்லை. மரத்தோட்டம் உண்டு, மரம் வெட்டும் கூலியாள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. விடுதி கடனில் மூழ்கும். ஒரே இரவு விழாவில் வேண்டிய பணம் சேர்ந்துவிடும். கடனோடு வாழ்ந்து பார்த்தவர்களுக்கு, கடன் அப்படித் தீர்வதில்லை என்று தெரியும். திரைக்குப் பின்னால் இருப்பவர்களும் உழைப்பாளிகளே. 2023ஆம் ஆண்டு அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாளும், நடிகர்கள் 118 நாளும் சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான ஊதியம் அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. கதைக்குள்ளோ ஊதியம் பற்றிய பேச்சுக்கு இடமே இல்லை.

இரண்டாவது கேள்வி வீட்டைப் பற்றியது. படத்துப் பெண் வேலையை விட்டு வந்தால், தாத்தா காலத்து வீடும் கடையும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. பிறந்த வீடு சொந்த வீடாக இருப்பவருக்கே அந்த முடிவு பொருந்தும். அதோடு, நகரத்து வேலை என்றாலே மனமில்லாத வேலை என்றும், பெண்ணுக்கு நிம்மதி வேண்டுமானால் அதை விட்டுவிட வேண்டும் என்றும் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. நம் பெண்பிள்ளைகள் பலருக்கு அந்த வேலைதான் முதன்முதலாகச் சொந்தக் கையில் கிடைத்த சம்பளம். தம்பி தங்கையின் படிப்புச் செலவும் அதில்தான் நடக்கிறது. அதை எளிதாக உதறச் சொல்லும் கதையை நம் வீட்டில் கவனத்தோடுதான் கேட்க வேண்டும்.

2014ஆம் ஆண்டின் 'எ ராயல் கிறிஸ்துமஸ்' படத்தில் கதாநாயகி ஒரு தையல்காரப் பெண். அவள் காதலித்தவன் கார்டினியா என்ற கற்பனை நாட்டின் இளவரசன் என்று பிறகு தெரிகிறது. இளவரசனின் தாயான அரசி இந்தப் பெண்ணை ஏற்க மறுக்கிறாள். உழைக்கும் பெண்ணுக்குப் பெருமை கொடுத்தார்களே என்று நாம் மகிழலாம். ஆனால் இளவரசன் வராத தையல்காரப் பெண்கள் ஆயிரம் ஆயிரம். அவர்களுடைய உயர்வுக்கு வழி என்ன என்று படம் கேட்பதில்லை.

இனி, யாருடைய முகம் திரையில் தெரிகிறது என்பதும் உண்டு. நெடுங்காலம் முதன்மைப் பாத்திரங்களில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். கறுப்பின மக்களும் பிறரும் தோழியாகவோ மேலதிகாரியாகவோ வந்து போனார்கள். பலர் குறைகூறிய பிறகு அண்மை ஆண்டுகளில் நிலைமை ஓரளவு மாறிவருகிறது.

பண்டிகைக்குரியவரே பல படங்களில் இல்லை என்பதையும் நம் கிறிஸ்தவ அன்பர்கள் கவனித்திருப்பார்கள். மரம் இருக்கிறது, பரிசுப்பொட்டலம் இருக்கிறது, மாட்டுத்தொழுவம் இல்லை. தங்குவதற்கு இடம் கிடைக்காத ஓர் ஏழைக் குடும்பத்தின் கதையில்தான் கிறிஸ்துமஸ் பிறந்தது. 1951இல் ஊன்றுகோலைக் காணிக்கையாகக் கொடுத்த சிறுவனுக்கு அந்தக் கதையில் இடம் இருந்தது. இன்றைய அழகான சிற்றூரில் அமாலின் குடிசை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அகப்படுவது அரிது.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். பண்டிகைப் பலகாரத்தை ஒருவரும் மூன்று வேளைச் சோறாக உண்பதில்லை. அந்த அளவில் வைத்துக்கொள்வோம். பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்போம். பார்த்தபின் பேசுவோம். இந்த வீட்டில் வேலை செய்வது யார்? பணம் எங்கிருந்து வருகிறது? விழா முடிந்த மறுநாள் காலையில் இவர்கள் என்ன செய்வார்கள்? இவ்வாறு கேட்கப் பழகிய பிள்ளை எந்தப் படத்தையும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கும். நம் சொந்தத் தொடர் நாடகங்களையும் அப்படியே பார்க்கும்.

தொடக்கத்தில் சொன்ன தாயும் மகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? அன்றிரவு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். தாயாரின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, மகள் மாதம் எத்தனை வெள்ளி ஒதுக்க முடியும், பட்டணத்து ஓரத்தில் சிறிய வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதினார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்குவதற்குப் பணம் எடுக்க வழியுண்டு; அதைப் பலர் கேட்டறியாமலே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஒரே இரவில் முடிந்துவிடவில்லை. இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்று தாயார் சொன்னார். ஆனாலும் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும் என்று படம் கிளறிவிட்ட ஆசை, நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதப்பட்டுவிட்டது.

கணக்கு எழுதி முடித்ததும் இருவருமாகச் சேர்ந்து சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்தார்கள்.