அடுத்த வீட்டு மெலூர்



சுயேச்சைத் திரைப்படங்களில் முஸ்லிம் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்பது இன்றைய தலைப்பு. சிம்பாங் அம்பாட்டில் தமிழர்கள் கூடியிருக்கும் அரங்கில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இங்குள்ள தாமான்களில் பல வீடுகளுக்கு இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு அந்தப் பக்கமிருந்து கெத்துப்பாட் வருகிறது, தீபாவளிக்கு இந்தப் பக்கமிருந்து முறுக்கு போகிறது. அந்தத் தட்டை நீட்டும் பெண்ணைப் பற்றி இந்த வீட்டுக்கு எவ்வளவு தெரியும்?

தமிழ்ச் சினிமாவைக் கேட்டுப் பயனில்லை. அங்கே பர்தா பல காலமாக மாறுவேடத்துக்குத்தான் உதவியது. ஓடிப்போகும் காதலர்கள் போட்டுக்கொள்வார்கள், நகைச்சுவை நடிகர் போட்டுக்கொள்வார். உள்ளே ஒரு முஸ்லிம் பெண் இருப்பதுதான் அபூர்வம்.

மலேசியாவில் இந்த நிலையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் யாஸ்மின் அஹ்மாட். பெட்ரோனாஸின் பண்டிகை விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமானவர். 2004-இல் 'செப்பெட்' எடுத்தார். அதில் ஓர்கெட் என்ற மலாய்ப் பெண் தொழுகை உடையில் குர்ஆன் ஓதி முடிக்கிறாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்தால், கதவின் உட்புறம் முழுக்க தாக்கேஷி கானெஷிரோ என்ற நடிகரின் படங்கள்! ஓதலும் உண்மை, நடிகர் மீதான ஆசையும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை அவள் விட வேண்டியதில்லை.

அந்தப் பெண் சீன இளைஞன் ஒருவனைக் காதலித்தாள். தணிக்கை வாரியம் காட்சிகளை வெட்டியது. ஆனாலும் 2005-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம் என்ற விருது 'செப்பெட்'டுக்கே கிடைத்தது. அடுத்து வந்த 'குப்ரா'வில் பள்ளிவாசல் பிலாலின் மனைவி, அக்கம்பக்கத்தில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களோடு முகம் சுளிக்காமல் பழகுகிறாள். 2006-இல் இந்த இரண்டு படங்களும் பண்பாட்டை மாசுபடுத்துகின்றனவா என்று அரசுத் தொலைக்காட்சியில் ஒரு விவாதமே நடந்தது. 

இதுவரை கேட்ட தமிழர்களுக்குக் கைதட்டத் தோன்றும். அடுத்த வீட்டின் சன்னலைத் திறந்து காட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் 2009-இல் அதே யாஸ்மின், கேமராவைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். அந்தப் படம் 'டேலண்டைம்'.

மெலூர் என்றால் மல்லிகை. பள்ளியின் பாட்டுப் போட்டிக்குத் தேர்வான முஸ்லிம் பெண் அவள். ஒத்திகைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் அழைத்துப்போகும் பொறுப்பு மகேஷுக்கு. அவன் இந்துப் பையன், காது கேளாதவன். அது தெரியாமல், பேசினால் பதில் சொல்லாத திமிர்பிடித்தவன் என்று அவள் எரிச்சல்படுகிறாள். பிறகு எரிச்சல் காதலாகிறது.

மெலூரின் வீடு சிரிப்பும் கேலியுமான வீடு. மகேஷின் அம்மா கணவரை இழந்தவர். கல்யாணம் காண வேண்டிய அவருடைய தம்பி கொல்லப்படுகிறார். முஸ்லிம் குடும்பம் ஒன்றோடு ஏற்பட்ட மோதலில் போன உயிர் அது. அந்த அழுகை அடங்கும் முன்பே மகன் முஸ்லிம் பெண்ணை விரும்புவது தெரிந்தால் ஒரு தாய் என்ன செய்வார்? அடிக்கிறார், கதறுகிறார். யாஸ்மின் அந்த அம்மாவை வில்லியாக்கவில்லை. ஆனால் மெலூரைப் பார்க்காமலே அவள் யார் என்று அந்த வீடு முடிவு செய்துவிடுவதை மறைக்கவுமில்லை. பாட்டிலும் கவிதையிலும் தன்னைக் காட்டும் ஒரு பெண், தமிழ் வீட்டின் வாசலில் வெறும் மதப்பெயராகச் சுருங்கிப்போகிறாள். படம் வெளிவந்த அதே ஆண்டு ஜூலையில் யாஸ்மின் காலமானார். வயது 51.

அவருக்குப் பின் பாதை எளிதாகவில்லை. பிற மதங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் முஸ்லிம் சிறுமியைக் காட்டிய 'மெந்தெகா தெர்பாங்' 2023-இல் தடை செய்யப்பட்டது. 2024 ஜனவரியில் இயக்குநரும் தயாரிப்பாளரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வயதுக்கு வரும் சிறுமியின் கதையான 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' 2023-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பெரும் பரிசு வாங்கியது. ஊருக்கு வந்ததும் கத்தரி விழுந்தது. வெட்டுப்பட்ட அந்தப் பிரதி தன்னுடையதல்ல என்று இயக்குநர் அமண்டா நெல் யூ சொல்லிவிட்டார்.

சரி, தமிழ் பேசும் முஸ்லிம் பெண் எங்கே? பினாங்கில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் கதை 1801-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பிருந்தே அந்தத் தீவில் தமிழ் முஸ்லிம்கள் உண்டு. சினிமாவில் வருகிறவரோ நாசி கண்டார் கடையில் நிற்கும் ஆண்தான். வீட்டுக்குள் இருக்கும் அவர் மனைவிக்கு வசனம் கிடையாது.

தமிழ்நாட்டில் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவைப் பற்றி 2013-இல் ஓர் ஆவணப்படம் வந்தது. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, ஒளிந்து ஒளிந்து கவிதை எழுதியவர் அவர். எடுத்தவர் கிம் லோங்கினோட்டோ என்ற பிரிட்டிஷ் பெண்மணி. அத்தனை தூரத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்' 2020-இல் ரோட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டது. கோயம்புத்தூர்ப் புடவைக் கடை ஊழியர் நசீர், சில நாட்கள் ஊருக்குப் போன மனைவி தாஜுக்கு மனதுக்குள் கடிதம் எழுதிக்கொண்டே வேலை பார்க்கிறார். அன்றிரவே மதவெறிக் கும்பலிடம் உயிரை விடுகிறார். நல்ல படம். ஆனால் தாஜின் பதில் கடிதத்தை எழுதும் படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை.