எந்தக் காவலூர், எந்த நன்னன்? ஜவ்வாது மலைவழி ஒரு பயணம்

திருப்பத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பெரிய ஊர்கள் இரண்டு. ஒன்று சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது. மற்றொன்று வடக்கே, ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இந்த ஊர் ஒரு மாவட்டத்தின் தலைநகரானது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலும் திருப்பத்தூர் இருமுறை வரும்: 50ஆம் எண்ணில் வடக்குத் திருப்பத்தூர், 185ஆம் எண்ணில் தெற்குத் திருப்பத்தூர்.

குழப்பம் தீர மக்கள் கண்ட வழி எளியது: ஊர்ப்பெயருக்கு முன்னால் ஓர் அடை. வடக்குத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆற்காட்டில், அதன்பின் வேலூரில். ஆட்சி எல்லை மாறியபோதெல்லாம் அடையும் மாறியது. அஞ்சல் துறை மாறாத அடை ஒன்றைத் தந்தது. 1972 ஆகஸ்ட் 15 முதல் வழக்கத்துக்கு வந்த ஆறிலக்க எண்தான் அது. கடித உறையில் 635601 என்றிருந்தால் ஜவ்வாது மலையடிவாரம். 630211 என்றிருந்தால் சிவகங்கைப் பக்கம். எழுதிய ஊர்ப்பெயர் ஒன்றே. எந்த அஞ்சல் பையில் கடிதம் விழ வேண்டும் என்பதை அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே முடிவு செய்துவிடும்.

திருப்பத்தூரிலிருந்து கிழக்கே தெரியும் நீலக்கோடுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சவ்வாது மலை என்று எழுதுவோரும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் மூக்கில் மணப்பது சவ்வாது என்னும் வாசனைப் பொருள். புனுகோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தச் சொல் அரபு வழியாகத் தமிழுக்கு வந்தது என்பர். மலையில் சந்தன மரங்கள் வளர்வதும், திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருப்பதும் பெயரோடு மணத்தை முடிச்சுப் போட வைக்கின்றன. இதே பெயரில் ஒரு புலவரும் வாழ்ந்தார். 18ஆம் நூற்றாண்டில், பரமக்குடியை அடுத்த ஏமனேசுவரத்தில் வாழ்ந்து, சேதுபதி மன்னரின் ஆதரவைப் பெற்ற சவ்வாதுப் புலவர்தான் அவர். இசுலாமிய ஞானி முகியித்தீன் ஆண்டவர் மீது பிள்ளைத்தமிழ் பாடியவர். ஒரு சொல்லில் மலையும் மணப்பொருளும் மனிதரும் அடங்கிவிடுகின்றனர்.

திருப்பத்தூரிலிருந்து மலையேறினால் புதூர்நாடு வரும். புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று பக்கத்திலும் நாடுகள்தாம். இங்கே நாடு என்பது தேசமல்ல. சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. சரிவுகளில் சாமை விளைகிறது. பலாவும் புளியும் தேனும் கடுக்காயும் மலையின் மற்ற வரவுகள்.

இந்த ஊர்களில் வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. வெளியூர்க்காரர் அதிகம் தடுமாறும் பெயர் இதுதான். இவர்களுக்குக் கேரளத்தோடு உறவில்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஏலகிரி ஆகிய மலைகளிலும் இதே பெயருடைய மக்கள் உள்ளனர். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு இவர்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மலை என்ற ஒரே வேரிலிருந்து கேரளத்தில் ஒரு மொழிக்குப் பெயர் கிளைத்தது, அந்த மொழியைப் பேசுவோர் மலையாளி ஆயினர்; கிழக்கே மலையில் குடியிருந்தோரும் மலையாளி ஆயினர். சொல் ஒன்றுதான், பிறந்த இடம் இரண்டு. அரசுப் பட்டியலும் இங்கே அடை சேர்க்கத் தவறவில்லை. பட்டியல் பழங்குடிகளுக்கான ஆணையில் மலையாளி என்ற பெயரை அடுத்து, தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் என்ற வரையறை இருக்கிறது.

ஆலங்காயம் வழியாக ஏறும் சாலை காவலூருக்குச் செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாத காட்டுக்கு நடுவே, வெள்ளைக் கும்மட்டம் ஒன்று மரங்களுக்கு மேலே தலைகாட்டும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் அது. கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இருண்ட வானம் தேடி இந்த இடத்தைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. ஆக, மலையாளிகளின் மலைக்கு வந்து வானத்தைப் பார்த்தவரும் ஒரு மலையாளி. இருவகை மலையாளிகளும் சந்தித்த இடம் காவலூர்.

இந்த ஊர்ப்பெயரும் தனித்த ஒன்றல்ல. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்து, 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள ஊர்காவற்றுறையும் காவலூர் என்று சுருங்கும். 1977இல் வெளிவந்த 'பொன்மணி' திரைப்படத்துக்குக் கதை வசனம் எழுதிய காவலூர் ராசதுரை தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டது அந்தக் கடலோரக் காவலூரை. மாதாவின் அடைக்கலம் ஓர் ஊருக்கு, துறைமுகக் காவல் மற்றோர் ஊருக்கு, காட்டு நடுவே வானத்துக்குக் காவல் இன்னோர் ஊருக்கு. காவல் என்ற சொல் தமிழ் வழங்கும் இடமெங்கும் ஊர்ப்பெயராகத் தயாராக இருப்பதால், மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போயின.

வேறு வகைப் பெயரொற்றுமையும் காவலூரில் உண்டு: தெரிந்தே எடுத்துச் சூட்டுவது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். சென்னையில் வானியலாளர் போக்சன் சிறுகோள்களைக் கண்டறிந்த காலத்துக்குப் பின், நூறாண்டுக்கு மேல் கழித்து இந்தியாவில் கிடைத்த சிறுகோள் அது. கணித மேதை ராமானுஜனின் பெயர் அதற்கு இடப்பட்டது. அந்த மேதைக்கோ வைணவ ஆசாரியர் ராமானுஜரின் பெயர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த பெயர் ஈரோட்டில் பிறந்த குழந்தைக்கு வந்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் பாறை வரை போய்விட்டது. விண்ணில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒரு பெயரை ஒரு சிறுகோளுக்கே தருவது உலக வானியலாளர் விதி. பெயருக்கு முன்னால் எண்ணும் உண்டு. ராமானுஜனின் எண் 4130. வைணு பாப்புவின் பெயரில் சுற்றும் சிறுகோளுக்கு 2596. திருப்பத்தூருக்கு அஞ்சல் எண் செய்த வேலையை வானத்தில் இந்த எண்கள் செய்கின்றன.

காவலூருக்கு அப்பால் ஜமுனாமரத்தூர். மலையின் கடைத்தெருவும் வட்டத் தலைமையிடமும் இதுதான். ஊருக்கு வெளியே பீமன் அருவி விழுகிறது. மகாராட்டிரத்தில் பீமா நதி, உத்தராகண்டில் பீம்தால் ஏரி என்று அந்தப் பெயர் நாடெங்கும் நீரோடு சேர்ந்தே நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் திருவண்ணாமலை வட்டாரத்தில், பாறையை அறைந்து விழும் நீருக்குப் பீமன் பெயர் பொருந்திப்போவதில் வியப்பில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து தெற்கே இறங்கினால் செங்கம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் செங்கண்மா என்று குறிக்கும் ஊர் இதுவே. 583 அடிகளில், பரிசில் தேடும் கூத்தரை மலைவழியாக நன்னன் என்னும் தலைவனிடம் அனுப்புகிறார் பெருங்கௌசிகனார். எந்த வழி, எங்கே கவனம், எந்த ஊரில் என்ன உணவு என்றெல்லாம் சொல்வதால் அதுவே ஒரு பழைய பயண உரை. அதில் வரும் சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் இன்றைய செய்யாறு. அதன் கரையில் அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது.

நன்னனும் ஒருவன் அல்லன். மேற்குக் கடற்கரையில், இன்றைய கண்ணூர் மாவட்டத்து ஏழில்மலையில் இன்னொரு நன்னன் ஆண்டான். அவனுடைய காவல்மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வர, எடுத்துத் தின்ற சிறுமியை அவன் கொன்றான். 81 யானைகளும் அவள் எடைக்கு எடை பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் விடவில்லை. குறுந்தொகையில் பரணர் அந்தப் பழியைப் பாடினார். செங்கத்து நன்னனோ கூத்தருக்கு வாரி வழங்கியவன். ஒருவனது பழி மற்றவன்மேல் விழாமலிருக்க உதவுவதும் ஓர் அடைதான்: செங்கத்து நன்னனை நூல்கள் நன்னன் சேய் நன்னன், அதாவது நன்னனின் மகன் நன்னன், என்று குறிக்கின்றன. தகப்பன் பெயரை முன்னால் வைத்து மகனை அடையாளம் காட்டும் இந்த முறைதான் இன்று ஒற்றை எழுத்தாகச் சுருங்கித் தமிழரின் தலைப்பெழுத்தாக நிற்கிறது.