தந்தை சென்ற பாதை

படக்கதை என்றதும் அது சிறுவர் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியதென ஒதுக்கிவிடுவோர் பலர். குற்றக் கதை என்றால் அதனை இன்னும் ஒருபடி கீழே வைத்துவிடுவர். இவ்விரண்டும் ஒன்றுகூடிய ஒரு நூல், தந்தையர் தம் மக்களுக்கு எதனை விட்டுச் செல்கின்றனர் என்ற பழைய கேள்வியை எழுப்பிற்று. பின்னர் வெண்திரைக்குச் சென்று அதே கேள்வியை வேறொரு வகையிற் கேட்டது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரோட் டு பேர்டிஷன்' என்பதே அந்நூல்.

'பேர்டிஷன்' என்னும் ஆங்கிலச் சொல், ஆன்மாவின் அழிவையும் நரகத்தையும் குறிப்பது. கதையிலோ அது ஓர் ஊரின் பெயராக வருகின்றது. தாயை இழந்த சிறுவனை உறவினர் வீட்டிற் சேர்ப்பதற்காகத் தந்தை நாடிச் செல்லும் ஊர் அது. ஆகவே தலைப்பு இருபொருள் தருவதாயிற்று. அடைக்கலத்துக்குச் செல்லும் பாதையும் அதுவே. அழிவுக்குச் செல்லும் பாதையும் அதுவே.

கதையை எழுதியவர் மக்ஸ் அலன் கொலின்ஸ். 'டிக் ட்ரேசி' என்ற புகழ்பெற்ற துப்பறியும் படக்கதையைப் பத்திரிகைகளுக்குப் பல ஆண்டுகள் எழுதிப் பயின்ற கை அவருடையது. சித்திரங்களை வரைந்தவர் றிச்சர்ட் பியர்ஸ் றெய்னர். ஏறத்தாழ 300 பக்கங்களும் கறுப்பும் வெள்ளையுமாகவே அமைந்தவை.

கதையின் வேர் உண்மை வரலாற்றிற் கிடக்கின்றது. இல்லினோய் மாநிலத்திலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில், றொக் ஐலண்ட் என்ற நகர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் லூனி என்பவன் அந்நகரின் கள்ளத் தொழில்களைத் தன் கைக்குள் வைத்திருந்தான். அவன் சட்டம் கற்றவன், பத்திரிகை நடத்தியவன், அப்பத்திரிகையையே பிறரை மிரட்டிப் பணம் பறிக்கும் கருவியாகக் கொண்டவன். அவன் மகன் கொனர், 1922ஆம் ஆண்டில் நடுத்தெருவில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மாண்டான். அயல் மாநிலமாகிய அயோவாவைச் சேர்ந்த கொலின்ஸ், இத்தந்தையையும் மகனையும் எடுத்துக்கொண்டு, காலத்தைச் சில ஆண்டுகள் முன்தள்ளி, சிக்காகோவில் அல் கப்போன் கோலோச்சிய 1930ஆம் ஆண்டிலே கதையை நிறுத்தினார்.

லூனியின் ஏவலின்படி கொலை செய்யும் அடியாள் மைக்கல் ஓ'சலிவன். வெளியே கொடியவன், வீட்டிலே அன்புள்ள கணவன், இரு ஆண்மக்களின் தந்தை. தந்தையின் தொழில் யாதென அறியும் ஆவல் கொண்ட மூத்த மகன், ஓரிரவு அவருடைய மோட்டார் வண்டியில் ஒளிந்து சென்று, ஒரு கொலையைக் கண்ணாற் கண்டுவிடுகின்றான். சாட்சியை ஒழிக்க எண்ணிய கொனர், ஓ'சலிவனின் மனைவியையும் இளைய மகனையும் கொன்றுவிடுகின்றான். மூத்தவன் மட்டும் தப்புகின்றான். அன்று தொடங்கித் தந்தையும் மகனும் வீதியிலே வாழ்கின்றனர். கப்போன் கூட்டத்தார் வங்கிகளில் இட்டு வைத்த கள்ளப் பணத்தைத் தந்தை பறிக்கின்றார். சின்னஞ்சிறு மகன் வண்டியோட்டுகின்றான்.

கொலைத்தொழில் புரியும் தந்தை, குழந்தையுடன் நாடலைவது என்னும் இவ்வமைப்பு ஜப்பானிய மூலத்தை உடையது. கசுவோ கொய்கே எழுத, கோசெகி கொஜிமா வரைந்து, 1970ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஒற்றை ஓநாயும் குட்டியும்' என்ற படக்கதையே அது. கொலின்ஸ் இக்கடனை மறைத்தவரல்லர். சாமுராயின் வாள் இருந்த இடத்தில் இயந்திரத் துப்பாக்கி வந்தது. மலைப்பாதை இருந்த இடத்தில் அமெரிக்க நெடுஞ்சாலை வந்தது.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது தமிழர் வாயிற் பயிலும் பழமொழி. பெற்றாரைப் புகழவும் பிள்ளையை வாழ்த்தவும் அது வழங்கும். ஆனால் ஓ'சலிவன் போன்ற ஒரு தந்தைக்கு அதுவே சாபமாகிவிடும். அவர் மகனுக்கு வண்டியோட்டக் கற்பிக்கின்றார். துப்பாக்கியையும் கையிற் கொடுக்கின்றார். உயிர் தப்புவதற்கு வேறு வழியில்லை. எனினும் ஒவ்வொரு பாடமும் மகனைத் தந்தையின் தொழிலுக்கு ஓரடி அருகே கொண்டுசெல்கின்றது. மகனைக் காப்பாற்றுவதற்காகச் செய்வதே மகனைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சமே இக்கதையின் உயிர்நாடி.

இவ்வச்சத்தைச் சித்திரம் எவ்வாறு உணர்த்துகின்றது? படக்கதையிலே ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டு. முதற்கட்டத்திற் கை உயர்கின்றது. அடுத்த கட்டத்தில் உடல் கிடக்கின்றது. இடையில் நிகழ்ந்த கொலையை வாசகரே தம் மனத்தில் நிகழ்த்திக்கொள்கின்றார். அத்துடன், படங்களின் மேல் ஓடும் வாசகங்கள் யாவும் வளர்ந்துவிட்ட மகனின் நினைவுகளாகும். தந்தையை நேசித்த ஒருவன், அவர் செய்தவற்றை ஒளியாமற் சொல்ல முயல்கின்றான். ஆதலால் சுடுபடும் ஒவ்வோர் உடலும் அவன் நெஞ்சிற் சுமையாகப் பதிகின்றது.

2002ஆம் ஆண்டில் இந்நூல் திரைப்படமாயிற்று. சாம் மெண்டிஸ் நெறிப்படுத்தினார். டேவிட் செல்ப் திரைக்கதை எழுதினார். தந்தையாக ரொம் ஹாங்ஸும், கூட்டத் தலைவனாக முதுபெரும் நடிகர் போல் நியூமனும் நடித்தனர். லூனி என்ற பெயர் றூனி என மாறிற்று. ஓ'சலிவன் சலிவன் ஆனார். பெயர் மாற்றத்திலும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. நூலில் நிறைந்து கிடந்த துப்பாக்கிச் சண்டைகளைத் திரைப்படம் வெகுவாகக் குறைத்துக்கொண்டது. எஞ்சியவற்றையும் பாதி மறைத்தே காட்டிற்று.

மகன் காணும் முதற்கொலையைக் கவனித்தல் தகும். மழை பெய்யும் இரவில், மூடிய கதவின் கீழுள்ள சிறு இடைவெளியாற் சிறுவன் நோக்குகின்றான். அவன் கண்ணுக்கு எட்டியதே பார்ப்போர் கண்ணுக்கும் எட்டுகின்றது. பிற்பகுதியில், சலிவன் தன்னை மகன்போல் வளர்த்த கிழவன் றூனியைக் கொல்ல வருகின்றார். அதுவும் மழையிரவு. இருளிலிருந்து துப்பாக்கியின் ஒளி மட்டும் பாய்கின்றது, ஓசை இல்லை, ஒருவர்பின் ஒருவராக மெய்க்காவலர் சாய்கின்றனர், மெல்லிய இசை மாத்திரம் ஒலிக்கின்றது. பெற்ற மகனின் குற்றமறிந்தும் அவனைக் கைவிடமாட்டாத கிழவன், வளர்த்த மகனின் கையால் மடிகின்றான். சித்திரக் கட்டங்களின் இடையே இருந்த வெற்றிடத்தை, இங்கு மௌனமும் இருளும் ஏற்றுக்கொள்கின்றன. இக்காட்சிகளைப் படமாக்கிய ஒளிப்பதிவாளர் கொன்ராட் ஹோல் 2003ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார். அவ்வாண்டு மார்ச்சில் அவருக்குரிய ஒஸ்கார் பரிசு, அவர் இல்லாத மேடையில் அறிவிக்கப்பட்டது.

நூலில் இல்லாத பாத்திரம் ஒன்றையும் திரைப்படம் படைத்தது. ஜூட் லோ நடித்த மகுவயர் என்பவனே அவன். இறந்தோரைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு விற்பவன். கூலிக்குக் கொலையும் செய்பவன். சாவைக் காண்பதிலேயே அவனுக்குச் சுவை. சாவை மறைத்துக் காட்டும் ஒரு படம், சாவைக் கண்டு களிக்கும் ஒருவனைப் பகைவனாக நிறுத்தியிருப்பது தற்செயலன்று. குற்றக் கதை காண்போர் எவரும் அவனைக் காணும்போது தம்மையும் ஒருகணம் உசாவ நேரும்.

முடிவிலே நூலும் படமும் பிரிகின்றன. நூலின் இறுதியில், இத்தனையும் சொல்லிவந்த மகன் கத்தோலிக்கக் குருவானவராகிவிட்டமை தெரியவருகின்றது. அதுவரை வாசித்தது ஒருவகைப் பாவசங்கீர்த்தனம் என்பது அப்போதுதான் விளங்குகின்றது. திரைப்படத்திலோ குருவானவர் இல்லை. ஏரிக்கரை வீட்டில் மகுவயர் தந்தையைச் சுட்டுவிடுகின்றான். சிறுவன் துப்பாக்கியை நீட்டுகின்றான். விசையை அழுத்த அவனால் இயலவில்லை. குற்றுயிராய்க் கிடக்கும் தந்தையே பகைவனைச் சுட்டு வீழ்த்தி, மகனின் கை கறைபடாததைக் கண்டு கண்மூடுகின்றார். மகன் ஒரு முதிய தம்பதியரின் பண்ணையிற் சென்று வளர்கின்றான்.

நூல், நடந்து முடிந்த பாவத்துக்கு மன்னிப்பைத் தேடுகின்றது. படம், பாவம் அடுத்த தலைமுறைக்குத் தாவுமுன் தடுத்துவிட முனைகின்றது. எது சிறந்ததென வழக்காடுவோர் உளர். நூலிலே துணிவு மிகுதி. ஏனெனில் காலமெல்லாம் சுமந்து தீரவேண்டிய நினைவை அது இலேசாக்கவில்லை. படத்திலே கனிவு மிகுதி. ஏனெனில் ஒரு கொடியவனின் வாழ்விலும் ஒரு நற்பேறு எஞ்சலாம் என அது நம்புகின்றது. ஒரு படைப்பை மற்றொரு கலைக்கு மாற்றுவோர் காட்சிகளை எண்ணி எடுத்துச் செல்ல வேண்டுமென்பதில்லை. மூலத்தின் நெஞ்சிலுள்ள கேள்வியை எடுத்துச் சென்றாற் போதும். அக்கேள்வி இரண்டிலும் ஒன்றே: தான் நடந்த பாதையில் மகன் நடக்கலாகாது என விரும்பும் தந்தை, அம்மகனுக்கு எந்தப் பாதையைக் காட்டுவார்? வேறு பாதை எதுவும் சலிவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனாலேதான் அவர் தம் உயிரைக் கொடுத்து, அந்தப் பாதையின் வாயிலை மகனுக்கு அடைத்துச் சென்றார்.