அகளி இளைஞரும் மின்பணிப் பயிற்சியும்

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே அகளிக்குச் செல்லும் பயணி, அட்டப்பாடிக் குன்றுகளின் மீது காற்றாலைகள் சுழல்வதைக் காண்கிறார். அகளி காற்றாலைத் தொகுதியின் திறன் 18.6 மெகாவாட், இடுக்கி மாவட்டத்து இராமக்கல்மேட்டில் அமைந்தது 14.25 மெகாவாட். காற்றாலையின் மின்னாக்கி பொதுவாக 690 வோல்ட்டில் தரும் மின்சாரத்தை, மின்மாற்றி பலமடங்கு உயர்த்தி மின்தொகுப்பில் சேர்க்கிறது. இவ்வாலைகள் நின்ற நிலம் பழங்குடியினருக்கு உரியதா என்று 2010ஆம் ஆண்டு வாக்கில் பெரும் சர்ச்சை எழுந்தது. அது தனியே பேச வேண்டிய பொருள். மின்சாரம் பிறக்கும் இவ்வூரின் இளைஞர், அம்மின்சாரத்தைக் கையாளும் தொழிலுக்கு எவ்வாறு தகுதி பெறுகிறார் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், தமிழும் மலையாளமும் பேசும் குடியேறிய விவசாயிகளும் வாழும் பள்ளத்தாக்கு இது. ஆலை வேலை தேடுவோர் மேற்கே மன்னார்க்காடு மலைப்பாதையில் இறங்கிக் கஞ்சிக்கோட்டுக்கோ, கிழக்கே கோவைக்கோ செல்ல வேண்டும். பயிற்சியின்றிச் செல்பவருக்குக் கிடைப்பது ‘ஹெல்பர்’ வேலை. கேபிள் இழுப்பார், குழாய் பதிக்கச் சுவரை வெட்டுவார், ஏணியைப் பிடித்துக்கொள்வார். எந்தக் கம்பி எங்கே சேர்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றும் விடுவார். ஏன் அங்கே சேர்கிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

அந்த ‘ஏன்’ தெரியாமையில்தான் உயிரிழப்பு ஒளிந்திருக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்புவது சாதாரண மனிதரின் இயல்பு. பயிற்சி பெற்றவரோ நம்புவதில்லை. முதலில் சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து, கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்ய வேண்டிய கம்பிகளைச் சோதிப்பார். அதன்பின் கருவியை மீண்டும் பழைய இடத்தில் வைத்துப் பார்ப்பார். இடையில் கருவியே பழுதாகியிருக்கலாம் அல்லவா? பிரதான ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் வைத்து, எச்சரிக்கைப் பலகையும் மாட்டிய பின்னரே கம்பியைத் தொடுவார். சொல்வதற்குச் சில நிமிடம் போதும். கை தானாகச் செய்யும் வழக்கமாவதற்கு மாதங்கள் ஆகும்.

மோட்டார்களை எடுத்துக்கொள்வோம். பெரிய மோட்டாரை நேரடியாக இயக்கினால், தொடக்கத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு பாயும். அதற்காகவே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஸ்டார் இணைப்பில் அவ்வோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் திருப்புவிசையும் அதே அளவில் குறையும் என்பதை அறியாதவர், சுமையுடன் நின்றுபோன மோட்டாரைக் கண்டு ரிலேயைக் குறை கூறுவார்.

இக்கல்விக்கு நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சி இரண்டு ஆண்டு; சேர்வதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரவும் வழியுண்டு. அதற்கும் மேலே வயர்மேன் உரிமம். இதனை வழங்க கேரளத்தில் ஒரு வாரியம், தமிழ்நாட்டில் வேறொரு வாரியம். எல்லையோரத்து இளைஞர் எந்தப் பக்கம் பிழைக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது!

பயிற்சிக்காலம் நீளமானது என்ற முறையீடு புதிதன்று. 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்றக் காரணமாயிருந்த ஜி.டி. நாயுடு, பொறியியற் கல்வியைக் குறுகிய காலத்தில் முடிக்கலாம் என்று வாதிட்டவர். ஏட்டுப் பாடத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றில் நியாயம் உண்டு. கைப்பழக்கத்துக்கு அது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

அகளியைப் பொறுத்தவரை சிக்கல் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் எழுகிறது. வகுப்பறைப் பயிற்சியை மலைமேலேயே அளித்துவிடலாம். பழகுநர் பயிற்சியை அளிக்க முடியாது. பள்ளத்தாக்கில் பெரிய ஆலைகள் இல்லை. நகரில் அறை வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றை உதவித்தொகையிலிருந்தே கொடுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அதே நாட்களில் ஹெல்பர் வேலை உடனடிக் கூலி தருகிறது. இரண்டாண்டுச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு, மீண்டும் ஏணி பிடிக்கச் செல்லும் இளைஞரைச் சோம்பேறி என்று எவ்வாறு கூறுவது?

பழகுநர் ஆண்டுக்கு மட்டுமாவது கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் மலைப்பகுதி மாணவர்க்கு விடுதி அமைக்கலாம். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம். பாதுகாப்புப் பாடத்தையேனும் மாணவர் வீட்டில் பேசும் மொழியில் நடத்தலாம். எர்த், நியூட்ரல், ஃபேஸ் என்ற சொற்களை மாற்றத் தேவையில்லை. பட்டறையில் எல்லோரும் பேசும் சொற்கள் அவை. அவற்றுள் எதைத் தொட்டால் என்ன நேரும் என்பதை மட்டும் ஒருமுறை தாய்மொழியில் கேட்டுவிட வேண்டும்.