லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் பாடம் ஆரம்பம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



பிள்ளைகள் கல்லூரியில் சேரும் நேரம் இது. நம் தெருக்களில் இந்த இரண்டு மாதத்தில் எத்தனை புது வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். சந்தோஷமான விஷயம். அந்த வண்டிகளை ஓட்டப்போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105. இறந்தவர்களில் மிகப் பெரும் பங்கு இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நம் பிள்ளைகள் முதலில் கேட்பதும் அந்த வண்டியைத்தான்.

"அதான் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டானே" என்று சொல்வோம். எட்டு போடும் மைதானத்தில் நாய் குறுக்கே வராது. ஷேர் ஆட்டோ திடீரென்று ஓரம் கட்டாது. மழைத்தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்காது. வண்டியைச் சாய்க்காமல் ஓட்டத் தெரியும் என்பதற்குத்தான் அந்த எட்டு சாட்சி. சாலையைப் படிக்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சி இல்லை.

புதிதாக ஓட்டுகிறவரின் கவனம் முழுக்கக் கிளட்ச், கியர், பிரேக் மீதே இருக்கும். பார்வை வண்டிக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். பழகிய ஓட்டுநர் தூரத்தில் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார். நிற்கும் பேருந்துக்கு முன்னாலிருந்து யாராவது ஓடி வரலாம் என்று முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார். இதைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது. ஓட்டி ஓட்டித்தான் வரும். அது வரும்வரை உள்ள முதல் சில மாதங்கள்தான் ஆபத்தான காலம்.

நம் சட்டம் அந்தக் காலத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். கார் பழகும்போது எல் போர்டு வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் லைசென்ஸ் வந்த மறுநாளே அந்தப் பிள்ளை தனியாக, இரவு பதினோரு மணிக்கு, நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர். போகலாம். தடுக்க ஒரு விதியும் இல்லை.

நியூசிலாந்தில் 1987லேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். பழகுநர் உரிமத்துக்கும் முழு உரிமத்துக்கும் நடுவில் ஒரு படி வைத்தார்கள். அந்தப் படியில் இருப்பவர் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை தனியாக ஓட்டக் கூடாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க மாநிலங்களிலும் இதே போன்ற முறை வந்தது. இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்தன.

அந்த நடுப்படியை நம் வீட்டிலேயே நாம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வண்டிச் சாவி நம் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது! லைசென்ஸ் வந்த முதல் ஆறு மாதத்துக்கு இவற்றைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.

1. முதல் ஒரு மாதம், தெரிந்த வழி, பகல் நேரம் மட்டும். கார் என்றால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பைபாஸும் இரவும் பிறகு, அதுவும் முதல் சில தடவை நீங்கள் கூட இருக்கும்போது.

2. முதல் மூன்று மாதம் பின்னால் நண்பர்கள் வேண்டாம். பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தாலே வண்டியின் சமநிலை மாறும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். "இன்னும் கொஞ்சம் முறுக்கு மச்சான்" என்ற குரலும் கூடவே ஏறிக்கொள்ளும்.

3. செல்போன் பையில் இருக்கட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. மூன்று விநாடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த மாதிரி. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வண்டியில் வரும் நேரத்தில் "எங்கேடா வர்றே?" என்று போன் போடாதீர்கள். கிளம்பும்போது ஒரு தகவல், சேர்ந்ததும் ஒரு தகவல், அது போதும்.

4. பிரேக்கைத் தனியாகப் பழக்குங்கள். பலர் பின் பிரேக்கை மட்டும் நம்புகிறார்கள். நிறுத்தும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குக்குத்தான் பிடிமானம் அதிகம். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதையும் சொல்லிக் கொடுங்கள்.

5. ஹெல்மெட் தலையில் இருந்தால் மட்டும் போதாது. வார் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்பே தரைக்குப் போய்விடும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். யாரையும் சுட்டிக்காட்டிச் சொல்லவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் டியூஷன் போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். "பக்கத்துத் தெருதானே, நல்லாத்தான் ஓட்டுறான்" என்கிறோம். பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டியை மட்டும்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். நம் வீடுகளில் நிற்பவை 110, 125 சி.சி. வண்டிகள். 2019ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை எல்.எல்.ஆர். கிடைக்காது. யாராவது அடிபட்டுவிட்டால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டைத் திரும்ப உங்களிடமே வசூலிக்கலாம். இதெல்லாம் பணத்தோடு, சட்டத்தோடு முடிகிற விஷயம். அடிபடுவது நம் தெருவில் வாக்கிங் போகும் பெரியவரோ, சைக்கிள் ஓட்டும் குழந்தையோ என்றால், அதே தெருவில் இரண்டு குடும்பமும் எப்படி முகம் பார்த்து வாழும்? அதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் டிரைவிங் ஸ்கூலில் சேருவதற்குப் பல வருடம் முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது. ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வந்த நாளிலிருந்து அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு அப்பா ஓட்டியதும், போலீஸைக் கண்டதும் ஹெல்மெட் மாட்டியதும், யூ டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வந்ததும் எல்லாம் மனதில் பதிந்திருக்கும். டிரைவிங் ஸ்கூலில் சில வாரம் நடக்கும் வகுப்பு அதை அழித்துவிடாது. பிள்ளைக்கு எல்.எல்.ஆர். போடும் அன்றே நாமும் நம்மைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினால்தான் நம் சொல்லுக்கு மதிப்பு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு விபத்தை நேரில் பார்க்க நேரலாம். வேடிக்கை பார்க்க வேண்டாம், ஓடிப்போகவும் வேண்டாம், 108க்கு அழைக்கச் சொல்லிக் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைச் சட்டமே பாதுகாக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே உதவுகிறது.

முடிக்கும் முன் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். நம் குடியிருப்புக்குள் 20 கிலோமீட்டர் வேகம் என்று எழுதி வைப்போம், முதலில் நாமே அதைக் கடைப்பிடிப்போம். மாலை நாலரை முதல் ஆறரை வரை குழந்தைகள் விளையாடும் நேரம், அப்போது உள்தெருக்களில் யாரும் வண்டி பழக வேண்டாம். புதிதாக லைசென்ஸ் வாங்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு காலை, பிரேக் பிடிக்கவும் கண்ணாடி பார்க்கவும் நான் பழக்கித் தருகிறேன். கட்டணம் கிடையாது. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.